உன் படத்தை வீட்டில் வைத்துப் பார்த்தோம்

அப்பு,

நீ அனுப்பிய கேசட்டு வந்து சேர்ந்தது. கூடவே வைத்திருந்த துண்டுச் சீட்டில், ‘படம் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள் அம்மா, நம் ஊர்க் கதைதான், அக்காவுக்கும் பிடிக்கும்’ என்று எழுதியிருந்தாய். மறைக்காமல் எழுதுகிறேன். உன் விலாசத்துக்கு அனுப்பினால் நீ ஒருவன்தான் படிப்பாய், படித்துவிட்டு மடித்து எங்காவது வைத்துவிடுவாய். நீ எங்களைப் பற்றிச் சொன்னதை மதுரையிலும் தேனியிலும் சனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். அதனால் நானும் இதை நாலு பேர் படிக்கிற மாதிரி ஒரு பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அவர்கள் போட்டால் போடட்டும். நீ செய்தது போலவே நானும் பெயர்களை மாற்றிவிட்டேன். பெயரை மாற்றினால் நம் ஊர் போடிக்காரர்களுக்கு ஆள் தெரியாமல் போய்விடும் என்று நீ நம்பினாய் இல்லையா, நானும் அப்படியே நம்பிவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கலர் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். டெக்குக்காரர் இரண்டையும் தள்ளுவண்டியில் வைத்து, மேலே போர்வை போர்த்தி, பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுபோல மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தேன். என் மகன் கதை வசனம் எழுதிய படம், நம் ஊர்த் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே என் வீட்டில் ஓடப்போகிறது என்றால் எனக்குக் கால் தரையில் பாவுமா? முதல் நாளே அதிரசம் சுட்டு வைத்தேன். ஜன்னலில் ஜமுக்காளத்தைக் கட்டி வீட்டை இருட்டாக்கினோம். மேல வீட்டு அன்னத்தாய் தன் பேரன் பேத்தியோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டாள். உன் அக்கா வசந்தா, எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, அடுப்படி வாசலில் நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் மகள் ஈஸ்வரி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பதினாறு வயதாகிறது உன் மருமகளுக்கு, இன்னும் அம்மா மடிதான். எழுத்துப் போடும்போது உன் பெயர் வந்தது. நீ மெட்ராசுக்குப் போய் வைத்துக்கொண்ட பெயர். “இது யாரு ஆத்தா?” என்றாள் அன்னத்தாய். “என் மகன்தான், பேரைச் சுருக்கிட்டான்” என்றேன். “நல்லாத்தான இருந்துச்சு பழைய பேரு” என்றாள். சிரித்தோம். அந்த வீட்டில் அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். உன் கதாநாயகி ஏலக்காய் பறிக்கிறாளே, அதை யார் அப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நல்ல வெயிலில், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, செடியின் தலையிலிருந்து பூப்பறிப்பதுபோலப் பறித்துக் கூடையில் போடுகிறாள். ஏலம் செடியின் காலடியில் அல்லவா காய்க்கிறது. சரம் சரமாக மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மழையில் குந்தி உட்கார்ந்து, அட்டை காலில் ஏறுவதைப் பார்க்க நேரமில்லாமல், ஒவ்வொரு சரமாக விலக்கி முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். சாயங்காலம் பார்த்தால் கை கறை பிடித்துக் கன்னங்கரேலென்று இருக்கும், சோற்றைப் பிசைந்தால் சோறும் கசக்கும். இடுப்பு வளையாமல் காய் பறிக்கிற பொம்பளையை நான் உன் படத்தில்தான் பார்த்தேன். ஈஸ்வரிகூடச் சொன்னாள், “மாமாவுக்கு மறந்து போச்சு போல அம்மாச்சி” என்று. கேமராக்காரர் அப்படி எடுத்துவிட்டார் என்பாய். இருக்கட்டும்.

மற்றபடி, பொய் சொல்லக்கூடாது, படம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க விடவில்லை. பனிமூட்டத்துக்குள் ஜீப்பு வருகிற சத்தம் மட்டும் கேட்டு, ஜீப்பு தெரியாமல் இருக்கிறதே, அப்போது நான் பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தோட்டத்துக் காவல்காரனைக் காணோம். பச்சைக் காயைத் திருடுகிற கூட்டத்தின் மேல் ஒரு சந்தேகம், கணக்கப்பிள்ளை மேல் ஒரு சந்தேகம், முதலாளியின் தம்பி மேல் ஒரு சந்தேகம். அந்த இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாமல், வெற்றிலையை மென்றுகொண்டே எல்லோருடைய கையையும் காலையும் பார்க்கிறார். இடைவேளையில் டெக்குக்காரர் டெக்கை நிறுத்தி ஆறவிட்டபோது, நான் எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன், “கணக்கப்பிள்ளைதான், வேற ஆளு கெடையாது. முழியே சரியில்ல” என்று. அன்னத்தாய் மட்டும் அதிரசத்தைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “இது நம்ம வசந்தா வீட்டுக்காரரு கத மாதிரியே இருக்கேத்தா” என்றாள். எனக்கு அப்போதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது. மறக்காமல் எழுதியிருக்கிறானே என்று நினைத்தேன்.

இதைப் படிக்கிற பிறத்தியாருக்காகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். வசந்தாவை என் அண்ணன் மகன் பரமனுக்குத்தான் கொடுத்தேன். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவனுக்குக் காவல் வேலை. சனிக்கிழமை நம் வீட்டுக்கு இறங்கி வருவான், திங்கட்கிழமை காலையில் ஏறுவான். சினிமாப் பைத்தியம் உனக்கு வந்தது அவனால்தான். சின்னதில் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். கொலைப் படம் என்றால் உயிர். கொலைகாரன் யார் என்று உன் காதில் முதலிலேயே சொல்லிவிடுவான், பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து நீங்கள் இரண்டு பேரும் கதையை நடித்துக் காட்டுவீர்கள். அவன் செத்துப்போனவனாகக் கிடப்பான், நீ துப்புத் துலக்குவாய், வசந்தா சோற்றுக் கரண்டியோடு நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

நீ பத்தாவது படித்த வருஷம், ஈஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோது, ஆடி மாசச் சாரலில், ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினான். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, தெரு முக்கில் திரும்பிப் பார்த்து, “கதவச் சாத்திக்க புள்ள, சாரல் அடிக்குது. சனிக்கெழம வந்துர்றேன்” என்றான். தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே போனான் என்று இன்றைக்கு வரை தெரியாது. தேடப் போனவர்களோடு நீயும் குரங்கணி தாண்டி ஏறினாய். ஓடைக்கு மேலே ஒரு புதரில் அந்தச் சாக்கு மட்டும் கிடைத்தது. காய் திருடுகிறவர்கள் வெட்டிப் போட்டார்கள் என்றார்கள், ஓடை இழுத்துக்கொண்டது என்றார்கள், யானை என்றார்கள், கேரளாவுக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்றுகூடச் சொன்னார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். வந்தார்கள், விசாரித்தார்கள், மழை விடட்டும் என்றார்கள். மழை விட்டது, வேறொன்றும் தெரியவில்லை. நீ அன்று திரும்பி வந்தபோது உன் காலெல்லாம் அட்டை. புருஷனைக் காணாத அன்றைக்கும் உன் அக்காதான் உன்னை உட்காரவைத்து, உப்பு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

இனி இடைவேளைக்குப் பிறகு.

உன் கதாநாயகி, அந்தக் காவல்காரனின் பெண்டாட்டி, தலை நிறையப் பூவோடு வேலைக்குப் போகிறாள். இன்ஸ்பெக்டர் டீக்கடையில் உட்கார்ந்து அவளையே பார்க்கிறார். கிளாசைக் கீழே வைக்கிறார். பக்கத்திலிருக்கிற ஏட்டையாவிடம் சொல்கிறார், “புருஷனக் காணோம்னு மூணு நாளு. இவ தலையில பூ வாடல பாத்தியா? அவன் வரமாட்டான்னு தெரிஞ்சவதான்யா இப்டி வைப்பா.” பின்னணியில் பெரிய சத்தமாக இசை. தியேட்டரில் இந்த இடத்தில் கை தட்டியிருப்பார்கள், நல்ல வசனம்தான். எங்கள் வீட்டில் யாரும் தட்டவில்லை. ஒருவரும் திரும்பி அடுப்படி வாசலைப் பார்க்கவும் இல்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அது பார்ப்பதைவிடக் கேவலமாக இருந்தது. உன் அக்காவின் தலையில் அன்றைக்கும் பூ இருந்தது, இத்தனை வருஷம் இருந்ததுபோல.

அப்பு, அந்தப் பூவை யார் வைத்தது என்று உனக்குத் தெரியாது. நீ தேடுதலுக்குப் போயிருந்தாய். மூன்றாம் நாள் காலையில் சொந்தக்காரப் பெண்கள் வந்து வாசலில் வட்டம் கட்டி உட்காரப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து ஆரம்பித்தேவிட்டாள். நான் விளக்குமாற்றை எடுத்தேன். காணாமல் போனவனுக்கு ஒப்பாரி வைத்தால் அவனை நாமே கொன்றது ஆகும், அவன் திரும்புகிற வழி அடைபட்டுப்போகும் என்று என் ஆத்தா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். சுமங்கலி வீடு சுமங்கலி வீடாகவே இருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், அவள் தலை குளித்துப் பொட்டு வைத்துப் பூ வைத்துத் தன் சோலிக்குப் போக வேண்டும். வசந்தா சுருண்டு கிடந்தாள். “என்னால முடியாதும்மா, என்னைய விட்ரு” என்றாள். கன்னத்தில் ஒன்று வைத்தேன். குளிப்பாட்டினேன். கனகாம்பரமும் மல்லிகையும் சேர்த்து நானே கட்டி, அவள் தலையைப் பிடித்து அழுத்தி வைத்துவிட்டேன். “இதக் கழட்டுனேன்னா நீதான் அவனக் கொன்னவ” என்றேன். அழுத கண்ணோடு அவள் காய் பொறுக்குகிற கிட்டங்கிக்குப் போய், மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, நல்ல காயையும் வெடித்த காயையும் பிரித்துப் போட்டாள். சாயங்காலம் நீ மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவள் கிட்டங்கியிலிருந்து பூவோடு வந்துகொண்டிருந்தாள். நீ பார்த்தது அந்தப் பூவை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் அதைத் தவறவிடவில்லை. வைத்தால் அவன் வருவான் என்று நான்தான் நம்பவைத்தேன். முதல் வருஷம் நான் நம்பினேன். பிறகு எனக்கு விட்டுப்போயிற்று, அவளுக்கு விடவில்லை.

உன் படத்துக்குத் திரும்புகிறேன். காய் உலர்த்துகிற ஸ்டோர், விறகு எரித்துச் சூடேற்றுகிற அந்தக் கட்டடத்தின் தரையைத் தோண்டுகிறார்கள். உள்ளேயிருந்து முதலில் ஒரு கை, பிறகு நீலக் கட்டம் போட்ட சட்டை. பரமன் கடைசியாகப் போட்டுப் போனதும் நீலக் கட்டம்தான், அதையும் நீ மறக்கவில்லை. பெண்டாட்டியும் கணக்கப்பிள்ளையும் சேர்ந்து கவாத்து அரிவாளால் வெட்டிப் புதைத்துவிட்டார்கள். அவள் ஒப்புக்கொள்கிறாள், அழுகிறாள், ஜெயிலுக்குப் போகிறாள். நான் கணக்கப்பிள்ளை என்று சொன்னது பாதி சரி.

இந்த இடத்தில் உன் படத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு ஒன்று இருக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நீ மறைக்காமல் எழுதச் சொன்னாய். தரையைத் தோண்டும்போது, அந்தக் கை தெரிந்தபோது, நான் சட்டென்று திரும்பி உன் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பூ வைத்துவிட்டவளே நான், அவளைப் பெற்றவள் நான், எல்லாம் தெரிந்தவள் நான். எனக்கே ஒரு நொடி, ‘ஒருவேளை’ என்று வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். ஈஸ்வரி எப்போது மடியிலிருந்து எழுந்து தள்ளி உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

படம் முடிந்ததும் சனங்கள் எழுந்தார்கள். “வர்றோம்த்தா” என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள். அன்னத்தாய் பேரனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். டெக்குக்காரர் ஒயரைப் பிடுங்கப் போனார். உன் அக்கா, “அண்ணே, கொஞ்சம் இருங்க. மொதல்ல இருந்து ஒரு தடவ போடுங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். போடச் சொன்னேன். புருஷன்காரன் மழையில் கிளம்புகிற காட்சி வந்தது. தெரு முக்கில் திரும்பி, கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறான். அந்த வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறாயே அப்பு, அன்று நீ பாயில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். அவள் திரும்பவும் போடச் சொன்னாள். திரும்பவும். டெக்குக்காரர் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள், “அவுக கொரலு இப்டி இருக்காதும்மா, கொஞ்சம் கரகரன்னு இருக்கும். ஆனா திரும்புறது மட்டும் அவுக மாதிரியே இருக்கு” என்றாள். தன்னைக் கொலைகாரியாக்கின படத்தை, புருஷன் திரும்பிப் பார்க்கிறதுக்காக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

டெக்குக்காரர் போன பிறகு என்னிடம் வந்து கேட்டாள், “இவன் எப்ப இருந்தும்மா இப்டி நெனச்சுக்கிட்டிருந்தான்?” நான், “சினிமாவுக்காக எழுதியிருப்பான்டி, அவனுக்கென்ன தெரியும்” என்றேன். “நெனைக்காமலா எழுதுனான்?” என்றாள். அன்றிலிருந்து நானும் அதையே போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நீ உண்மையிலேயே அப்படி நினைத்திருந்தால், மெட்ராசுக்கு ரயிலேறும்வரை அவள் கையால் வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் அதை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாயா? நினைக்கவில்லை, கதைக்கு ஒரு திருப்பம் வேண்டியிருந்தது, அதற்காக எழுதினேன் என்றால், அது இதைவிட மோசம். எந்தப் பதிலை நீ எழுதினாலும் அதை அவளிடம் படித்துக்காட்ட என்னால் முடியாது. அதனால் பதில் எழுதாதே.

ஆள் யார் என்று தெரியாமலே முடிகிற படத்தை யார் பார்ப்பார்கள் என்று நீ கேட்பாய். நியாயம்தான், அது உன் தொழில். இரண்டரை மணி நேரத்தில் ஒருவரைப் பிடித்து விலங்கு மாட்டி அனுப்பினால்தான் சனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். வீடுகளில் அப்படி இல்லை, அப்பு. கடைசிவரை தெரியாமலே போகிற விஷயம்தான் அதிகம், அதோடு எழுந்து சமைத்து, துணி துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. உன் அக்கா அதைத்தான் செய்தாள். அதை உன்னால் படமாக எடுக்க முடியாது என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் எடுக்க முடியாததை விட்டுவிட்டிருக்கலாம். ஊரில் எத்தனை தோட்டம், எத்தனை காவல்காரன், எத்தனை பொய்க்கதை. உனக்கு உன் அக்கா தலைப் பூதானா கிடைத்தது?

மறுநாளே கிட்டங்கியில் தெரிந்துவிட்டது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் தன் முறத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள், அவ்வளவுதான். பூ விற்கிறவள் நம் வாசலில் கூவுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஈஸ்வரி என்னிடம் வந்து, “அம்மாச்சி, எங்கப்பாவுக்கு என்னதான் ஆச்சு?” என்று கேட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து நூறு தரம் கேட்ட கேள்விதான். முன்பெல்லாம் அம்மாவிடம்தான் கேட்பாள், இந்தத் தடவை அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டாள். நான் நடந்ததெல்லாம் சொன்னேன், பூ வைத்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “சரி அம்மாச்சி” என்றாள். ஆனாலும் மறுபடி அம்மா மடியில் படுக்கவில்லை. பேத்தியிடம் நான் சொல்வதை நம்பு என்று எத்தனை தரம் சொல்வது? உன் இன்ஸ்பெக்டர் சொல்வதற்குப் பின்னால் இசை இருக்கிறது, எனக்கு அது இல்லையே.

போன வாரம் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நம் ஊர்த் தியேட்டருக்கு வருகிறது. ஒரு பெண்ணின் பின்தலை, தலை நிறையப் பூ, அதன் நடுவே அரிவாள். பஸ்சு ஸ்டாண்டுச் சுவர் முழுக்க அதுதான். வசந்தா கிட்டங்கிக்குப் போகிற வழி அது. அன்றைக்குச் சாயங்காலம் வந்து தலையிலிருந்த பூவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “கருமாதி செஞ்சிருவோம்மா” என்றாள். பதினாறு நாளில் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லி எத்தனை பேர் எத்தனை வருஷம் கெஞ்சியிருக்கிறோம், மசியாதவள். “ஏன்டி இப்ப?” என்றேன். “வச்சா, தைரியமா வைக்கிறா பாருங்கறாக. வைக்காட்டி, பயந்துட்டாம்பாக. எதுக்கும்மா இன்னும் வச்சுக்கிட்டு? அவுக வந்தாலும், இந்த ஊருல என்னோட எப்டி இருப்பாக?” என்றாள். இத்தனை வருஷம் அவன் வராமலே போய்விடுவானோ என்றுதான் பயந்துகொண்டிருந்தாள். இப்போது வந்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறாள். எனக்கு வயதாகிவிட்டது, அப்பு. இனி இதை யாரும் சரிசெய்வதை நான் பார்த்துவிட்டுப் போகப் போவதில்லை. நான் போனால் அவளுக்கு யாரும் இல்லை. ஈஸ்வரி இருக்கிறாள் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று முன்தினம் சடங்கு நடந்தது. உடம்பு இல்லாதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டித்தான் எரிக்க வேண்டும், எரித்தார்கள். என் அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடந்தார், மகன் இப்போதுதான் செத்தான் என்பது போல. தாலி கழற்றுவதற்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் வெள்ளைக் கோடிச் சேலை கொண்டுவந்து அவள் மேல் போட வேண்டும். அண்ணன் தம்பி உள்ள பெண்ணுக்கு அதுதான் முறை, அவன் எந்த ஊரில் இருந்தாலும் வந்து நின்றாக வேண்டும். நீ இல்லாததைப் பார்த்து உன் சித்தப்பா என்னிடம், “தம்பிக்குத் தந்தி குடுத்தாச்சா? எப்ப வர்றான்? கோடி யாரு போடுறது?” என்று கேட்டார். தந்தி கொடுக்க வேண்டாம் என்று வசந்தா சொல்லியிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வதென்று நான் முழித்தேன். அவளே தலையை நிமிர்த்திப் பதில் சொன்னாள், கோபமில்லாமல், யாரோ வெளியூர் போனதைச் சொல்வதுபோல.

“அவன் போட்டுட்டான் சித்தப்பா. படத்துல, கடசியில ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, வெள்ளச் சேல கட்டி விட்டுருக்கான். நீங்க பாக்கல?”

சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். சேலை இல்லாமலே தாலியைக் கழற்றினார்கள். கோடி ஒரு தடவைதான் போடுவது, அப்பு. இனி நீ கொண்டுவந்தாலும் அவள் வாங்கிக்கொள்ள முறையில்லை.

அம்மா